சின்ன வயசுக் கஷ்டம்தான் உங்களைக் கடை முதலாளி ஆக்கியதா? (வடசென்னைத் தொழில்காரர்கள் பேசுங்கள்)

ஜீவா_ஸ்டேஷன்_மெக்கானிக்:

வணக்கம். வியாசர்பாடிப் பக்கம் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் எங்கள் ஏரியா வாட்ஸப் குழுவில் என்னைப் பற்றி யாரோ எழுதியிருந்தார்கள். "பன்னிரண்டு வயசில் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார், அடி உதை வாங்கினார், அந்த வைராக்கியம்தான் இன்று நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்க வைத்திருக்கிறது" என்று. நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல். அதே ஒர்க்‌ஷாப்பில் என்னோடு நின்ற மற்ற பையன்களும் அதே அடியைத்தான் வாங்கினார்கள். ஒருத்தன் குடியில் போய்விட்டான். இன்னொருத்தன் புழல் சிறைக்குப் போய் வந்தான், இப்போது எங்கே இருக்கிறான் என்று அவன் வீட்டுக்கே தெரியாது. அடி ஆளாக்கும் என்றால் அவர்களும் ஆளாகியிருக்க வேண்டுமே?

என் கதை இதுதான். அப்பா பின்னி மில்லில் இருந்தார். 1996இல் மில்லை மூடும்போது நான் ஏழாவது. கையில் வந்த பணத்தில் பாதி பழைய கடனுக்குப் போனது, மீதியை அப்பா குடித்தார். கார்ப்பரேஷன் பள்ளியை விட்டு நின்றபோது எனக்கு முதலில் உறைத்தது மதியச் சோறு. சத்துணவு, பள்ளிக்கு வருகிற பிள்ளைக்குத்தானே. ஒர்க்‌ஷாப்பில் மதியம் ஓனர் மிச்சம் வைத்தால் உண்டு, இல்லையென்றால் டீயும் பன்னும்.

முதலில் வேலை என்றால் கழுவுவது மட்டும்தான். தகர டப்பாவில் மண்ணெண்ணெய், கையில் ஒரு பிரஷ். செயின், ஸ்பிராக்கெட், கிளட்ச் பிளேட், எஞ்சின் கவர் எல்லாம் அதில் முக்கித் தேய்க்க வேண்டும். விரல் இடுக்கில் தோல் வெடித்திருக்கும். அதில் மண்ணெண்ணெய் இறங்கினால் ராத்திரி தூக்கம் வராது. பத்து-பன்னிரண்டு ஸ்பேனர் கேட்டு, பன்னிரண்டு-பதிமூன்றை எடுத்துக் கொடுத்தால் அதே ஸ்பேனரால் முட்டியில் ஒன்று விழும். இதில் நான் என்ன வைராக்கியம் கற்றேன் என்று இன்றுவரை புரியவில்லை. திருடக் கற்றேன், அது நிஜம். பசிக்கு, ஓனர் சட்டைப் பையிலிருந்து சில்லறை.

என்னைத் திருப்பியவர்கள் வேறு ஆட்கள். ஓட்டேரியிலிருந்து ஒரு டீச்சர் மொபெட்டை சர்வீஸுக்கு விடுவார். ஒருநாள் பில்லை என்னை எழுதச் சொன்னார். நான் திணறியதைப் பார்த்துவிட்டு, எட்டாவது தனித்தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கிவந்து அவரே பணமும் கட்டினார். ஓனரிடம் என்ன பேசினாரோ, சாயங்காலம் ஒரு மணி நேரம் விடுவார்கள். அப்புறம் புதுப்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். நான் தனியாகக் கடை போட்டபோது அடமானம், ஜாமீன் எதுவும் கேட்கவில்லை. "சரக்கு எடுத்துட்டுப் போ, மாட்டினப்புறம் குடு. ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை முகம் காட்டணும், அம்பது ரூபாயாவது வைக்கணும்" என்றார். அந்த ஒரு நிபந்தனை எனக்கு வியாபாரம் கற்றுக்கொடுத்தது.

இப்போது என் கடையில் சைக்கிளுக்குக் காற்று இலவசம். அரசு கொடுத்த சைக்கிளோடு பிள்ளைகள் வந்தால் பிரேக், செயின் சரிபார்க்கவும் காசு வாங்குவதில்லை. தள்ளுவண்டிக்காரர்கள், மீன்பாடி வண்டிக்காரர்கள் தவணையில் கொடுக்கலாம். பதினெட்டு வயசுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைப்பதில்லை. மற்றதற்கெல்லாம் பாராட்டும் ஊர், இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் என்னோடு சண்டைக்கு வருகிறது. அம்மாக்களே வந்து, "ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறான், உன் கடையில நிக்க வைப்பா, கெட்டுப்போகாம இருப்பான்" என்று கேட்கிறார்கள். முடியாது என்றால் திமிர் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஸ்பேனர்_அயனாவரம்:

தம்பி, உங்களை மதிக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் நீங்கள் ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறீர்கள். நானும் சின்ன வயசில் வந்தவன்தான். பதினெட்டு, இருபதில் வருகிறவனுக்குக் கை வளையாது. சிலிண்டர் ஹெட் போல்ட்டை எவ்வளவு இறுக்கினால் போதும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது மணிக்கட்டுக்குத் தெரிய வேண்டும். புத்தகத்தில் வராது. அடிப்பது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அடிக்காமல், சோறு போட்டு, தொழில் சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நீங்கள் சேர்க்காவிட்டால் அந்தப் பையன் மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கா போகப்போகிறான்? தெருமுனையில் போதை மாத்திரை விற்கிறவன் வயசு கேட்க மாட்டான். உடனே சேர்த்துக்கொள்வான்.

பழைய_புத்தகம்:

சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயசுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள், அதைப் பற்றித் தனியாகவே ஒரு இழை போடலாம். 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளுக்குத் தடை. தீப்பற்றும் பொருள் புழங்கும் வேலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெட்ரோல் டேங்கைக் கழற்றும் இடத்தைப் பூந்தோட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

ஸ்பேனர்_அயனாவரம்:

சட்டம் தெரியும் சார். சட்டம் போட்டவர் வந்து அந்தப் பையனுக்கு மூன்று வேளை சோறு போடுவாரா?

ஜீவா_ஸ்டேஷன்_மெக்கானிக்:

அண்ணே, கை பழக்கம் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கப் பொய் இல்லை. ஆனால் அது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. ஸ்குரூவைக் கால் சுற்று திருப்பி, காதால் கேட்டு ஐட்லிங் வைத்தோம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தது. இப்போது என் கடைக்கு வருகிற வண்டியில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் எஃப்ஐ, அதாவது ஃபியூயல் இன்ஜெக்ஷன். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் ஒரு குறியீடு வரும். அது ஆக்சிஜன் சென்சாரா, த்ராட்டில் பொசிஷன் சென்சாரா, இல்லை வெறும் ஒயர் துண்டிப்பா என்று படித்துப் பார்த்து, மல்டிமீட்டரில் வோல்ட் அளந்து முடிவு செய்ய வேண்டும். ஏழாவதோடு நின்ற கை இதில் என்ன செய்யும்? குறியீட்டை அழித்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுக்கும். மூன்றாம் நாள் அதே விளக்கோடு வண்டி திரும்பி வரும்.

என் கடையில் நன்றாக வேலை செய்கிறவன் பத்தொன்பது வயசில், ஐடிஐ முடித்துவிட்டு வந்தான். முதல் சில மாதம் போல்ட்டை உடைத்தான், மரையைத் தின்னவிட்டான், உண்மைதான். கை அப்புறம் பழகிவிட்டது. படிப்பு அப்படிப் பழகாது அண்ணே. சின்ன வயசில் விட்டது விட்டதுதான்.

ராயபுரம்_ரயில்:

எனக்கு இந்த "சமூக அக்கறை உள்ள முதலாளி" கதைகள் மேலேயே சந்தேகம். இலவசக் காற்று, இலவச செக்கப் எல்லாம் விளம்பரம் இல்லையா? கூகுளில் ஐந்து நட்சத்திரம் வாங்குவதற்கு இது ஒரு வழி. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜீவா_ஸ்டேஷன்_மெக்கானிக்:

தப்பாக எடுக்கவில்லை பாஸ். விளம்பரம்தான். காற்றடிக்க வருகிற பையனுடைய அப்பா வண்டி எந்தக் கடைக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்? கம்ப்ரஷர் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஒரு சைக்கிள் டியூபுக்கு என்ன கரண்ட் ஆகிவிடப் போகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் அதுதான். கணேசபுரம் சப்வே எல்லாம் ரொம்பி, எங்கள் தெருவில் வண்டிகள் சீட் வரைக்கும் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் உதைத்து ஸ்டார்ட் செய்யப் பார்த்தார்கள். அப்படிச் செய்யவே கூடாது, சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தெருவில் நின்று கத்திக் கத்தி நிறுத்தினோம். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியே தள்ளி, ஏர் ஃபில்டரை எடுத்துப் போட்டு, ஆயிலை வடித்தால் டீ மாதிரி வெளுப்பாக வரும். புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் வடித்து, திரும்ப ஊற்ற வேண்டும். ஆயிலுக்கு மட்டும் காசு வாங்கினேன், கூலி வாங்கவில்லை. தெருவே சேறாகக் கிடக்கும்போது கூலி கேட்க வாய் வராது, அவ்வளவுதான். அந்த டிசம்பரில் எனக்கு நஷ்டம். ஆனால் 2023இல் மிக்ஜாம் புயலில் என் கடைக்குள்ளேயே தண்ணீர் வந்தபோது ஸ்கேனரையும் டூல் பாக்ஸையும் தலையில் தூக்கிக்கொண்டு போய் மாடியில் வைத்தது அதே தெரு ஆட்கள். இதை விளம்பரம் என்று வைத்தாலும் சரி, வேறு எப்படி வைத்தாலும் சரி.

மாவுக்கடை_கண்ணகிநகர்:

நான் அதிகம் எழுத மாட்டேன், ஆனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அண்ணா, உங்கள் முதல் பதிவில் அப்பா இருக்கிறார், ஓனர் இருக்கிறார், டீச்சர் இருக்கிறார், பார்ட்ஸ் கடைக்காரர் இருக்கிறார். உங்கள் அம்மா ஒரு வரியில்கூட இல்லையே?

எங்கள் குடிசைகளை எடுத்துக் கண்ணகி நகருக்குக் கொண்டுவந்து கொட்டும்போது நான் சின்னப் பிள்ளை. பள்ளி வருஷம் நடுவில். அம்மா வேலை செய்த வீடுகள் எல்லாம் மந்தைவெளியில். இங்கிருந்து பஸ் பிடித்துப் போய் வருவதற்குள் பொழுது போய்விடும். சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்குப் போனது. அப்புறம் என்ன, நான் படிப்பை நிறுத்தி ஒரு அப்பார்ட்மென்ட்டில் குழந்தை பார்க்கப் போனேன். எனக்கு வயசு பதினொன்று, அந்தக் குழந்தைக்கு இரண்டு. மெக்கானிக் கடையில் நிற்கும் பையனை ஊர் "தொழில் பழகுகிறான்" என்று சொல்லும். பாத்திரம் தேய்க்கும் பெண் பிள்ளையை எந்த ஊராவது அப்படிச் சொல்லியிருக்கிறதா? ஸ்பேனர் அண்ணன் சொல்லும் கை பழக்கக் கணக்கில் நாங்கள் எங்கே வருகிறோம்?

இப்போது இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் இரண்டு. நாலுக்கு ஒன்று உளுந்து, கொஞ்சம் வெந்தயம். வெயில் காலத்தில் காலையில் ஆட்டிய மாவு மதியமே பொங்க ஆரம்பித்துவிடும், சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் புளித்துப்போகும். ஃப்ரிட்ஜ் வாங்குவதற்கு முன்னால் மிஞ்சியதைப் பக்கத்து பிளாக்கில் கொடுத்துவிடுவேன். அப்படி வாங்கியவர்கள்தான் பின்னால் காசு கொடுத்து வாங்க வந்தார்கள். என்னோடு வேலை செய்வது இரண்டு பெண்கள், இருவருமே பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவர்கள். வேலை நேரம் பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட பிறகு தொடங்கி, பள்ளி விடும் முன் முடியும். பாக்கி வேலையை நான் பார்த்துக்கொள்வேன். நான் செய்யும் சமூக சேவை அவ்வளவுதான், நோட்டீஸ் அடிக்க ஒன்றுமில்லை.

கடன் நோட்டு பற்றி யாராவது கேட்பீர்கள், அதனால் நானே சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். அதைத் தாண்டினால் மாவு கொடுப்பேன், நோட்டில் எழுத மாட்டேன். எழுதினால் அவர்கள் என் கடை வழியாக நடப்பதையே நிறுத்திவிடுவார்கள். இரண்டு கிலோ மாவை விட்டுக்கொடுப்பது எனக்கு லாபம்.

எங்களுக்கு இன்னொரு பாரம் முகவரி. வேலை கேட்டுப் போனால் "கண்ணகி நகரா?" என்று ஒரு இழுவை இழுப்பார்கள். கடன் கேட்ட இடத்திலும் அதே இழுவைதான். 2025 அக்டோபரில் எங்கள் கார்த்திகா பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் ஜெயித்து வந்தாள். அதற்கப்புறம் சில நாள், ஆட்டோக்காரர்கள் "எங்கம்மா, கண்ணகி நகரா, ஏறு" என்றார்கள். இன்னும் எத்தனை பிள்ளைகள் தங்கம் வாங்கினால் மற்றவர்களும் அப்படிச் சொல்வார்களோ.

ஜீவா_ஸ்டேஷன்_மெக்கானிக்:

அக்கா, சரியான இடத்தில் கேட்டீர்கள். என் அம்மா பெரம்பூரில் வீட்டு வேலை பார்த்தார். என்னை அந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டதும் அம்மாதான். "ஒரு தொழிலாவது இருக்கட்டும், உங்கப்பன மாதிரி ஆகிடாத" என்றுதான் விட்டார். என் கை வெடிப்பைப் பார்த்துத் தேங்காய் எண்ணெய் தடவுவார், ஆனால் நின்றுவிடு என்று சொன்னதில்லை. சொல்லும் நிலையில் அவர் இல்லை. அதை எழுதினால் படிக்கிறவர்கள் அவரைக் குறை சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது என் கடை வாசலில் பையனோடு வந்து நிற்கும் அம்மாக்களும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். அதனால் முடியாது என்று சொல்லிவிட்டு அப்படியே அனுப்ப முடிவதில்லை. டீ வாங்கிக் கொடுத்து, எந்தப் பள்ளி, எதனால் நின்றான் என்று கேட்பேன். பாதிப் பேர் விஷயத்தில் காரணம் ரொம்பச் சின்னதாக இருக்கும். சீருடை, டீச்சர் எல்லார் முன்னாலும் திட்டியது, கணக்கில் ஃபெயில். இதற்கெல்லாம் தலைமையாசிரியரை ஒருமுறை போய்ப் பார்த்தாலே வழி பிறக்கிறது. மீதிப் பாதிக்கு என்னிடம் மருந்து இல்லை. அங்கே ஸ்பேனர் அண்ணன் சொல்வதும் நியாயம்தான்.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் கஷ்டம் பற்றிப் பேசுகிறீர்கள், நான் கஷ்டத்தின் வட்டி விகிதத்தைச் சொல்கிறேன். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான்.

நூறு நாள் தண்டல் எல்லாருக்கும் தெரியும். 10,000 என்பார்கள், கையில் 9,000 தருவார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரம்தானே வட்டி, பத்து பர்சன்ட்" என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறீர்கள். அதனால் நூறு நாளும் சராசரியாக உங்கள் கையில் நின்ற பணம் பாதிதான், சுமார் 4,500. அதற்கு 1,000 வட்டி. வருஷக் கணக்குக்குப் போட்டால் 80 சதவீதத்தைத் தொடும். இது நல்ல தண்டல்காரர் கணக்கு. மீட்டர் வட்டிக்குப் போனவர்கள் கதையை நான் எழுதப்போவதில்லை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தால் நாளைக்கு யார் கடன் தருவார்கள் என்ற பயத்தில் யாரும் போவதில்லை.

மெக்கானிக் தம்பிக்குப் புதுப்பேட்டைக்காரர் சரக்காகக் கொடுத்தார் பாருங்கள், அது வட்டியில்லாக் கடன். அவர் அந்த இடத்தில் இல்லாவிட்டால் தம்பி தண்டலுக்குத்தான் போயிருப்பார், உழைத்ததெல்லாம் அங்கே போயிருக்கும். எல்லாருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை. அதனால்தான் வங்கிப் பக்கம் போங்கள் என்று என்னிடம் வருகிறவர்களிடம் நச்சரிக்கிறேன். முத்ரா கடன் திட்டம் 2015இல் வந்தது, சிசு பிரிவில் 50,000 வரை, சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. மேனேஜர் "ஜாமீன் யார்" என்று கேட்டால், விதியை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் தரகரிடம் ஏமாறாதீர்கள். தெரு வியாபாரிகளுக்கு 2020இல் தொடங்கிய ஸ்வநிதி கடன் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியமாகத் திரும்பி வரும், அடுத்த தடவை பெரிய தொகையும் கிடைக்கும்.

மாவுக்கடை அம்மா, உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிட்டீர்களா?

மாவுக்கடை_கண்ணகிநகர்:

எடுத்தாச்சு சார். நான் எடுத்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய்தான். பிரவுசிங் சென்டரில் 600 கேட்டார்கள், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் உட்கார்ந்து செல்போனிலேயே போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு ஒரு வாரம் மாவு இலவசம்.

ராயபுரம்_ரயில்:

சரி, சந்தேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நல்ல டீச்சரும் நல்ல பார்ட்ஸ் கடைக்காரரும் கிடைப்பது லாட்டரி. லாட்டரி விழுந்தவர் கதையை வைத்துக்கொண்டு விழாதவர்கள் என்ன செய்வது?

ஜீவா_ஸ்டேஷன்_மெக்கானிக்:

அதைத்தான் நானும் சொல்கிறேன் பாஸ். அந்த வாட்ஸப் பதிவு என்னைப் பெரிய ஆளாக்கி, அவர்கள் இருவரையும் கழற்றிவிட்டது. கஷ்டத்தைக் கும்பிட்டால் அடுத்து அடிக்கிற ஓனருக்கு அது வசதி, "நான் அடிச்சுதான் இவன் ஆளானான்" என்பான். என் பழைய ஓனர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

ஸ்பேனர்_அயனாவரம்:

தம்பி, ஒத்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அந்த எஃப்ஐ விஷயம் உறைத்தது. என் கடையிலும் அந்த வேலை வந்தால் வெளியே அனுப்புகிறேன். என்னிடம் இப்போது பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் நிற்கிறான். அனுப்பிவிட்டால் அவன் அக்கா சண்டைக்கு வருவாள். காலையில் படிப்பு, சாயங்காலம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது என்று ஏதாவது வழி உண்டா? டேங்க், பெட்ரோல் பக்கம் விட மாட்டேன்.

பழைய_புத்தகம்:

உங்கள் கடையில் வைத்துக்கொள்ள நான் வழி சொல்ல மாட்டேன். ஐடிஐயில் சேர்க்க வழி சொல்வேன். பையன் எதுவரை படித்தான்?

ஸ்பேனர்_அயனாவரம்:

பத்தாவது எழுதினான். கணக்கு மட்டும் போச்சு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான்.

பழைய_புத்தகம்:

அப்படியானால் பாதி வேலை முடிந்தது. கணக்கு ஒன்றை மட்டும் துணைத்தேர்வில் எழுதினால் போதும், மற்ற பாடம் திரும்ப எழுத வேண்டியதில்லை. பாஸானால் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம், இரண்டு வருஷம். கிண்டி, அம்பத்தூர், வடசென்னை மூன்று இடத்திலும் அரசு ஐடிஐ இருக்கிறது. எந்தப் பிரிவு எங்கே என்று விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் 750 உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் உண்டு. அரசுப் பள்ளிப் பையன் என்பதால் 2024இல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 தனி. அவன் அக்காவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஸ்பேனர்_அயனாவரம்:

கணக்கு யார் சொல்லிக்கொடுப்பார்?

கணக்குப்பிள்ளை:

நான் ஓட்டேரியில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்புங்கள். ஏற்கெனவே இரண்டு பேர் வருகிறார்கள். நோட்டும் பழைய கேள்வித்தாளும் கொண்டுவரச் சொல்லுங்கள், விவரம் தனிச்செய்தியில் போடுகிறேன்.

ஜீவா_ஸ்டேஷன்_மெக்கானிக்:

கேள்வித்தாள் கட்டு என் கடையில் கிடக்கிறது, எங்கள் பையன் எழுதி முடித்தது. நாளைக்கு அயனாவரம் பக்கம் ஒரு வண்டி எடுக்க வருகிறேன் அண்ணே, கொடுத்துவிட்டுப் போகிறேன். அப்படியே உங்கள் கடையில் நிற்கும் எஃப்ஐ வண்டியையும் ஒருதடவை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிடலாம்.